கடைசி வண்டிக்குப் பின்னால்

மின்னேற்றும் கம்பத்தில் மாட்டியிருந்த கார் டிங் டிங் என்று மணியடிக்கத் தொடங்கியபோது மதியம் ஒன்றரை மணி. துருவத்தை ஒட்டிய அந்த ஊரில் ஒன்றரை மணிக்கே கும்மிருட்டு. நவம்பர் கடைசியில் போன சூரியன் ஜனவரி பாதிவரை அந்தப் பக்கம் தலை காட்டாது, அதைப் பற்றி யாரும் பேசுவதுமில்லை.

தோருன் திரையைப் பார்த்தாள். காரில் யார் யார் பெல்ட் போட்டிருக்கிறார்கள் என்று காட்டும் சின்னச் சின்ன மனித உருவங்கள். அவளுக்கு ஒன்று, பச்சை. பின்சீட்டில் வலப்பக்கம் குழந்தை இருக்கையில் தூங்கும் சுன்னிவாவுக்கு ஒன்று, பச்சை. பின்சீட்டில் இடப்பக்கம், அதாவது இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டும் தோருனின் முதுகுக்கு நேர் பின்னால், இன்னொரு உருவம். சிவப்பு. ஆள் உட்கார்ந்திருக்கிறது, பெல்ட் போடவில்லை என்கிறது கார்.

அங்கே இருந்தது மகளின் துணிப்பை. கையை நீட்டி அதை எடுத்து முன்சீட்டில் போட்டாள். மணி நிற்கவில்லை.

"சனியனே, உனக்கும் குளிரா?" என்று காரைத் திட்டினாள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்பது டிகிரி. அந்தக் குளிரில் மனிதனுக்கே மூளை உறையும்போது காருக்குப் பிசகாதா? இறங்கிப் பின்கதவைத் திறந்து, அந்த வட்டாரத்தில் எல்லோரும் செய்வதையே செய்தாள். காலிச் சீட்டின் குறுக்கே பெல்ட்டை இழுத்து டப்பென்று மாட்டினாள். மணி நின்றது. உருவம் பச்சையானது.

மூன்று பச்சை. கதவைச் சாத்தும்போது உள்ளிருந்து ஈரக் கம்பளியின் வாடை வந்தது. அவர்கள் இருவரிடமும் ஈரக் கம்பளி கிடையாது.

பனி அள்ளும் லாரியின் ஓட்டுநர் ஸ்டைனார், கையில் காபிக் குவளையோடு வந்து ஜன்னலைத் தட்டினார். அறுபது வயது, தாடியெல்லாம் உறைபனி.

"என்னம்மா தோருன், உன் காரு இன்னும் பால் குடிச்சு முடிக்கலையா?"

"முப்பத்தெட்டு சதவீதம்தான் ஏறியிருக்கு. குளிர்ல சொட்டுச் சொட்டாத்தான் ஏறுது. இன்னும் அரை மணி நேரம் நிக்க மாட்டீங்களா?"

"நான் நிப்பேன், புயல் நிக்குமா? ரெண்டு மணிக்குக் கிளம்புறதுதான் கடைசி வரிசை. அப்புறம் மூணு நாளைக்கு மலைச்சாலைக் கேட்டைப் பூட்டிருவோம். குழந்தைக்கு என்ன?"

"காதுல சீழ். மூணு நாளா காய்ச்சல். டாக்டர் மலைக்கு அந்தப் பக்கம், கடற்கரை ஊர்லதான் இருக்காரு."

ஸ்டைனார் பின்சீட்டை எட்டிப் பார்த்தார். "நாப்பத்தாறு கிலோமீட்டர். ஹீட்டரை அணைச்சிட்டு, சீட்டுக்குள்ள வர்ற சூட்டுல மட்டும் வா, சார்ஜ் போதும். ஏழு வண்டி, நீதான் ஏழாவது. உனக்குப் பின்னாடி ஆளே கிடையாது, அதனால உனக்கு வேலை பாதிதான். முன்னாடி வண்டியை மட்டும் பாத்துக்கிட்டு வா." ஏதோ நினைவு வந்தவர்போலக் குவளையைப் பார்த்தார். "போன வருஷம் மாதிரி எதுவும் ஆயிரக்கூடாது."

அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

மலைச்சாலையைப் புயலில் தனியாகக் கடக்க விடமாட்டார்கள். லாரி முன்னால் பனியைத் தள்ளிக்கொண்டு போகும், கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும். அதற்கு ஒரே சட்டம்தான். உன் பின்னால் வருகிறவனுக்கு நீ பொறுப்பு. அவன் நின்று விளக்கை மினுக்கினால் நீயும் நின்று மினுக்க வேண்டும். அதைப் பார்த்து உனக்கு முன்னால் போகிறவன் நிற்பான். அப்படியே கைமாறிக் கைமாறிச் செய்தி லாரிக்குப் போய்ச் சேரும். நடக்கப் பழகும் பிள்ளைக்குக்கூட அங்கே இது தெரியும்.

போன வருஷம் ஹால்வார் என்ற பெரியவருடைய கார் நடு மலையில் நின்றது. மறுநாள் காலையில்தான் அவரைக் கண்டுபிடித்தார்கள். சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, பெல்ட்கூடக் கழற்றாமல் இருந்தாராம். அவருக்கு முன்னால் போன கார் தோருனுடையது. "பனியில எதுவும் தெரியல" என்று விசாரித்தவர்களிடம் சொன்னாள். யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

தெரிந்தது. கண்ணாடியில் மஞ்சள் விளக்கு இரண்டு, அணைந்து அணைந்து எரிந்தது நன்றாகவே தெரிந்தது. அப்போது அவளிடம் இருந்தது ஏழு சதவீதம். நின்றால் தன் காரும் படுத்துவிடும் என்று பயம். வேறு யாராவது பார்ப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவருக்குப் பின்னால் வேறு யாரும் இல்லை.

இரண்டு மணிக்குக் கேட் திறந்தது. ஹீட்டரை அணைத்தாள். சுன்னிவாவின் மேல் கலைமான் தோலைப் போர்த்தி, அவள் சீட்டின் சூட்டை முழுதாக வைத்து, தன்னுடையதை ஒன்றில் வைத்தாள். மூச்சு புகையாக வந்தது. முன்னால் ஆறாவது காரின் இரண்டு சிவப்பு விளக்குகள், இருபுறமும் சாலையின் ஓரத்தைக் காட்ட நட்டுவைத்த சிவப்புக் கழிகள், அவற்றுக்கு அப்பால் காற்று வாரியடிக்கும் பனியைத் தவிர வேறு எதுவுமே இல்லாத கறுப்பு. சக்கரத்துக்கடியில் பனி நறநறத்தது. இன்ஜின் சத்தம் இல்லாத வண்டி என்பதால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு சின்னச் சத்தமும் காதில் விழுந்தது. மகளின் மூக்கடைத்த மூச்சு. பிளாஸ்டிக் எங்கோ குளிரில் முறுக்கிக்கொள்ளும் சத்தம். இன்னொரு மூச்சு.

காற்றுதான் என்றாள் மனதுக்குள்.

பத்தாவது கிலோமீட்டரில் முப்பத்தொரு சதவீதம். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. பதினைந்தாவதில் இருபத்திரண்டு. திடுக்கிட்டுத் திரையைத் தொட்டாள். பின்சீட்டு இடப்பக்கத்துச் சூடு எரிந்துகொண்டிருந்தது. மூன்று சிவப்புக் கோடு, முழுச் சூடு. காலிச் சீட்டு அது. அணைத்தாள்.

கையைத் திரும்ப ஸ்டீயரிங்கில் வைப்பதற்குள் ஒரு கோடு எரிந்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் மூன்று.

அணைத்தாள். எரிந்தது. அணைத்தாள். எரிந்தது.

கழுத்துக்குப் பின்னால் ஒரு குளிர், வெளியிலிருந்து வரும் குளிர் அல்ல அது. யாரோ ஐஸ் பெட்டியைத் திறந்து பிடித்ததுபோல ஓரிடத்திலிருந்து வந்தது. ஈரக் கம்பளி வாடை இப்போது நன்றாகவே அடித்தது. உள்கண்ணாடியைத் திருப்பி வைத்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"அம்மா." சுன்னிவா விழித்திருந்தாள்.

"தூங்குடா கண்ணு. இதோ வந்துட்டோம்."

"இந்தத் தாத்தாவுக்கு ரொம்பக் குளிருதாம்."

காய்ச்சல். குழந்தை காய்ச்சலில் பிதற்றுகிறது. "எந்தத் தாத்தாடி?"

"உனக்குப் பின்னாடி இருக்காரே, அவருதான்." யாரோ சொல்வதைக் கேட்டுக்கொள்வதுபோல 'ம், ம்' என்றாள். "லைட்டு போட்டேனே, உங்கம்மா பாக்கலையான்னு கேக்குறாரு."

முன்னால் சிவப்பு விளக்குகள் ஒரு வளைவில் மறைந்து திரும்ப வந்தன. தோருன் அழுதுகொண்டே ஓட்டினாள். மன்னிச்சிருங்க, ஹால்வார், மன்னிச்சிருங்க, என்று உதடு முணுமுணுத்தது. எனக்குப் பயமா இருந்தது, அவ்வளவுதான். இவளை ஒண்ணும் பண்ணிராதீங்க. சீட்டுச் சூட்டை இப்போது அவள் அணைக்கவில்லை. வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளட்டும், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளட்டும். தன் சீட்டுச் சூட்டை மட்டும் அணைத்துவிட்டு, கால் விரல்கள் மரத்துப்போக ஓட்டினாள்.

பதினாறு சதவீதம். பதினொன்று. இன்னும் பதினான்கு கிலோமீட்டர் இருந்தது.

எட்டு சதவீதத்தில் பக்கக் கண்ணாடியில் மஞ்சள் தெரிந்தது.

இரண்டு விளக்குகள். அணைந்து, எரிந்து, அணைந்து, எரிந்து. அவளுக்குப் பின்னால், பனிக்குள், நூறடி தள்ளி ஒரு கார் நின்றுகொண்டு உதவி கேட்டது.

நீதான் ஏழாவது. உனக்குப் பின்னாடி ஆளே கிடையாது.

கால் தானாகவே பிரேக்கின் மேல் போனது. நிற்க வேண்டும். சட்டம் அதுதான். இருந்தால் நிற்க வேண்டும், இல்லாவிட்டால்? இல்லாத காருக்காக நின்று, இந்தக் குளிரில் காய்ச்சல் பிள்ளையோடு வண்டி படுத்துவிட்டால்? ஏழு சதவீதம் என்றது திரை. அன்றைக்கிருந்த அதே ஏழு. ஆபத்துக்குப் பாவமில்லை என்று சொல்லிக்கொண்டாள். பெற்ற பிள்ளையைவிட எதுவும் பெரிதில்லை என்று சொல்லிக்கொண்டாள். காலை எடுத்தாள். மிதித்தாள்.

கார் முன்னே பாய்ந்தது.

பின்னால் மஞ்சள் விளக்குகள் கொஞ்ச தூரம் கூடவே வந்தன. பிறகு நின்றன. சிறுத்தன. காற்றில் மெல்லிய ஒரு அழுகை, ஊளை, ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டே போய் அறுந்தது. கழிகளுக்கிடையில் காற்று அப்படித்தான் கத்தும்.

அப்புறம் அமைதி.

கழுத்துக்குப் பின்னால் அந்தக் குளிர் இல்லை. பின்சீட்டில் மூச்சுச் சத்தம் இல்லை. திரையை ஓரக்கண்ணால் பார்த்தாள். பச்சை உருவங்கள் இரண்டே இரண்டு.

இரண்டு! போய்விட்டார். விட்டுவிட்டார். தேம்பித் தேம்பி அழுதாள், சிரித்தாள். "சுன்னிவா, பாத்தியா கண்ணு, தாத்தா இறங்கிப் போயிட்டாரு." பதில் இல்லை. தூங்கிவிட்டது பிள்ளை, தூங்கட்டும். வீட்டுக்குப் போனதும் வாஃபிள் சுட்டு, அவளுக்குப் பிடித்த பழுப்புப் பாலாடைக்கட்டியைத் தடிமனாகச் சீவி வைத்துத் தரவேண்டும். காது சரியாகிவிடும். எல்லாம் சரியாகிவிடும். சரிவு தொடங்கியது. இறக்கத்தில் இறங்கும்போது பேட்டரி கொஞ்சம் தேறும், இரண்டு சதவீதம் மூன்றானது. கீழே கேட்டின் விளக்குகள் தெரிந்தபோது அவள் ஸ்டீயரிங்கை முத்தமிட்டாள்.

கார்கள் வரிசையாக நின்றன. ஸ்டைனார் லாரியிலிருந்து இறங்கி, டார்ச்சோடு ஒவ்வொரு காராக எண்ணிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் ஒருவர் கேட்டை இழுத்துப் பூட்டினார். மூன்று நாளைக்கு இனி அந்தச் சாலையில் ஈ எறும்பு போகமுடியாது.

"அஞ்சு. ஆறு. ஏழு." ஜன்னலருகே வந்து குனிந்தார். "வந்து சேந்துட்டியே! நான் சொல்லல, சீட்டுச் சூடே போதும்னு? எங்க நம்ம சின்ன மகாராணி?"

டார்ச்சைப் பின்சீட்டுக்குத் திருப்பினார்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. ஓரடி பின்வாங்கினார். இன்னோர் அடி. டார்ச் கையிலிருந்து பனியில் விழுந்தது.

"ஸ்டைனார்?"

அவர் கையைத் தூக்கிப் பின்சீட்டைக் காட்டினார்.

தோருன் திரையைப் பார்த்தாள். இப்போதுதான் சரியாகப் பார்த்தாள். பச்சை உருவம் இரண்டு. ஒன்று அவளுடையது. இன்னொன்று பின்சீட்டு இடப்பக்கம்.

வலப்பக்கம் இருட்டாக இருந்தது.

கையைப் பின்னால் நீட்டிக் குழந்தை இருக்கையைத் துழாவினாள். கலைமான் தோல். பலகைபோல விறைத்திருந்தது. அதற்கடியில் சீட்டு மட்டும்தான். அவிழ்ந்து தொங்கிய பெல்ட். ஒரு சின்னக் கம்பளிக் கையுறை.

அவளுக்கு நேர் பின்னால், அவளே மாட்டிவிட்ட பெல்ட் கிறீச்சென்று இறுகியது. யாரோ வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டதுபோல. மூன்று சிவப்புக் கோடு. முழுச் சூடு. உருகும் பனியில் ஒரு சொட்டு அவள் கழுத்துப்பட்டையில் விழுந்தது.

அவள் வெளியே பார்த்தாள். பூட்டிய கேட்டுக்கு அப்பால், மலை முழுக்கக் கறுப்பு. உச்சியில், வெகு தூரத்தில், மஞ்சளாக இரண்டு புள்ளிகள்.

அணைந்தன. எரிந்தன.

அணைந்தன.

எரிந்தன.