கரண்டி இன்னும் காயவில்லை

எனக்கு எதையும் இரண்டு முறை பார்த்தால்தான் நம்பிக்கை வரும். கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன்.

பின்னேர வகுப்பில் விஞ்ஞானம் படிப்பிக்கும் தில்லைநாதன் சேர், ஒவ்வொரு நாளும் கண்டதைக் கொப்பியில் எழுதச் சொன்னார். நான் எழுதினேன். ஆனால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு கேள்விக்குறி போட்டேன். பிழையாக இருந்தால் என்ன செய்வது?

இது அந்தக் கொப்பியில் உள்ள கதை. 1997ஆம் ஆண்டு. எனக்குப் பதினொரு வயது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் பட்டறை இருந்தது. பழைய அலுமினியத்தை உலையில் உருக்கி, மண் அச்சில் ஊற்றி, தையல் மெசினுக்குச் சக்கரம் செய்வார். உருகிய அலுமினியத்தின் மேல் பாலாடை போல அழுக்குப் படரும். அதை வழித்து எடுக்காமல் ஊற்றினால் சக்கரத்தில் ஓட்டை விழும்.

அழுக்கு வழிக்கும் நீளக் கரண்டி ஒருநாள் உடைந்துபோனது. புறக்கோட்டையில் புதிது வாங்கலாம். ஆனால் அது யுத்த காலம். ஆள் உயரக் கம்பியோடு வந்தால் ஒவ்வொரு இராணுவச் சென்றியிலும் நின்று விளக்கம் சொல்லவேண்டும் என்று அப்பா தயங்கினார். ஒரு தகரத் துண்டை வைத்துச் சமாளித்தார். பத்துச் சக்கரங்களில் ஏழில் ஓட்டை.

தையல் கடை பலீல் மாமா அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். சனிக்கிழமை வரை பார்ப்பதாகவும், பிறகு வேறு பட்டறைக்குப் போவதாகவும் சொன்னார். அன்று அப்பா அம்மாவிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

"இந்த முறையும் பிழைச்சா உலையை மூடிப்போட்டு, கொலன்னாவைப் பக்கம் கூலி வேலைக்குப் போறன்."

நான் சமையலறையில் தேடி, வடை பொரித்து எடுக்கும், கறுத்துப்போன ஓட்டைக் கரண்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அப்பா அதை இரும்பு என்று நினைத்து உலையில் விட்டார். வெளியே எடுத்தபோது கைப்பிடி மட்டும்தான் வந்தது. அதுவும் அலுமினியக் கரண்டி!

"உலை பசியில கரண்டியையும் சாப்பிட்டிட்டுது," என்றார் அப்பா. அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அது அவருடைய கரண்டி.

அடுத்ததாக உண்மையான இரும்பு ஓட்டைக் கரண்டி. அப்பா அதில் நீளமான யன்னல் கம்பியைப் பொருத்தினார். அது உருகவில்லை. ஆனால் அலுமினியம் அதில் பாகு மாதிரி ஒட்டிக்கொண்டது. உலோகம் வடியவேண்டிய ஓட்டைகள் அடைபட்டதால் கரண்டி நிரம்பி, வழித்த அழுக்கு மறுபடியும் உலைக்குள்ளேயே விழுந்தது.

நான் கொப்பியில் எழுதினேன்: ஒட்டுகிறது. ஏன்?

அன்று வீட்டில் சமையல் காஸ் முடிந்து, அம்மா முற்றத்தில் விறகு மூட்டினார். வழக்கம்போல முதலில் சாம்பலைக் குழைத்துச் சட்டியின் அடியில் பூசினார். அப்படிப் பூசினால் கரி சட்டியில் ஒட்டாது. கழுவும்போது சாம்பலோடு போய்விடும்.

நான் சட்டியைப் பார்த்தேன். கரண்டியைப் பார்த்தேன். பிறகு மறுபடியும் சட்டியைப் பார்த்தேன்.

அச்சுக்கு வைத்திருந்த களிமண்ணில் சாம்பல் கலந்து, சுரண்டிய கரண்டியில் மெல்லிசாகப் பூசினேன். ஓட்டைகளை ஈர்க்குச்சியால் திறந்துவிட்டேன். வியாழன் முழுதும் வெயிலில் வைத்தேன். வெள்ளிக்கிழமை மழை. வீட்டுக்குள் வைத்தேன்.

சனி காலை பலீல் மாமா வந்து முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார். உலை சிவந்திருந்தது. அப்பா கரண்டியைத் தொட்டுப் பார்த்து, காய்ந்துவிட்டது என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பட்டறையின் முதல் சட்டம் எனக்குத் தெரியும்: உருகிய உலோகத்தில் ஈரம் பட்டால் வெடித்துச் சிதறும். அதனால்தான் நான் தாண்டக்கூடாது என்று அப்பா நிலத்தில் சோக்கால் கோடு போட்டிருந்தார்.

"அப்பா, இன்னும் காயேல்லையோ எண்டு சந்தேகமா இருக்கு."

"இவ ஒரு சந்தேகப் புள்ள," என்று பலீல் மாமா சிரித்தார். "எனக்குக் கடை தொறக்கணும் மகள்."

என் முகம் சூடானது. ஆனாலும் ஓடிப்போய் எவர்சில்வர் டம்ளர் நிறையக் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்தேன். கரண்டியைத் தணலுக்கு மேலே பிடித்து, அதன் மேல் டம்ளரைப் பிடிக்கும்படி அப்பாவிடம் சொன்னேன்.

டம்ளரின் அடி முழுதும் நீராவி புகாராய்ப் படிந்தது. விரலால் தொட்டேன். ஈரம்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா தன் கைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பலீல், பின்னேரம் வாங்கோ," என்றார். "என்ர மகள் காஞ்சது எண்டு சொன்னாப் பிறகுதான் ஊத்துவன்."

மத்தியானம் வரை கரண்டி உலையோரம் கிடந்தது. தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று முறை டம்ளரைப் பிடித்தோம். மூன்றாவது முறை அது பளபளவென்று இருந்தது. நான்காவது முறையும் பார்க்கலாம் என்றேன். அப்பா மறுபேச்சில்லாமல் பிடித்தார்.

பிறகு நான் கோட்டுக்கு இப்பால் நின்றேன். அப்பா கரண்டியை உலைக்குள் விட்டு ஒரு இழுப்பு இழுத்தார். அழுக்கு முழுதும் அள்ளுப்பட்டு வந்தது. தட்டியதும் பொலபொலவென்று கொட்டியது. கரண்டியில் ஒன்றும் ஒட்டவில்லை. கீழே அலுமினியம் கண்ணாடி மாதிரி மின்னியது.

பின்னேரம் பலீல் மாமா பத்துச் சக்கரங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் குத்தியும் பார்த்தார். ஒன்றிலும் ஓட்டை இல்லை. அடுத்த கிழமை இருபது வேண்டும் என்றார். அடுத்த ஒழுங்கையில் பித்தளை வார்க்கும் நாகமணிக்கும் இப்படி ஒரு கரண்டி கிடைக்குமா என்று அப்பாவிடம் கேட்டார்.

"என்னட்டக் கேக்காதேங்கோ. செய்த ஆள் அங்க நிக்குது."

பலீல் மாமா என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு நாள் காயவேணும், மாமா. மழை பெஞ்சா மூண்டு. பிறகு நான் டம்ளர் பிடிச்சுப் பாக்கவேணும்."

"சரி மகள்," என்றார் அவர், பெரிய முதலாளியிடம் பேசுவது போல.

அன்று கொப்பியில் எழுதினேன்: சாம்பலும் களிமண்ணும் பூசிய கரண்டியில் அலுமினியம் ஒட்டாது.

முடிவில் முற்றுப்புள்ளி வைத்தேன். இரண்டு முறை பார்த்தேன். முற்றுப்புள்ளிதான்.