ஜோனதன் மேலே வருகிறான்

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆம்பூரில் தோல் தொழிற்சாலைகளின் நாற்றம் கொஞ்சம் கம்மியாக இருக்கும். அன்றும் தெருவில் அவ்வளவாக இல்லை. மாலை ஆராதனை முடிந்து வந்து டோரதி கதவைத் திறந்தபோது அது வீட்டுக்குள் இருந்தது. சுண்ணாம்பும் ஊறிய தோலும் கலந்து தொண்டையைப் பிடிக்கும் அந்த நெடி, பகலெல்லாம் பூட்டிக் கிடந்த அறைகளிலிருந்து முகத்தில் வந்து மோதியது. ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். போகவில்லை.

மேஜைமேல் அவள் எழுதி முடித்த திரைக்கதை இருந்தது. முதல் பிரதி. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய நேரம் போக, ஒரு வருடமாகத் தம்பி ஜோனதனைப் பற்றி எழுதியது. தொழிற்சாலைக் கழிவுத் தொட்டிக்குள் மயங்கி விழுந்த, உடன் வேலை பார்த்த துரைசாமியைத் தூக்க இறங்கியவன் ஜோனதன். துரைசாமியை மேலே ஏற்றிவிட்டான். தான் ஏறி வரவில்லை. கதையும் அங்கேயே முடிந்தது.

போன் அடித்தது. சென்னையிலிருந்து நவநீதன். ஜோனதனோடு படித்தவன், இந்தக் கதைதான் அவன் இயக்கப்போகும் முதல் படம்.

"படிச்சேன்க்கா. ரெண்டு எடத்துல அழுதுட்டேன். ஆனா புரொடியூசர் ஒத்துக்க மாட்டேன்றாரு. முடிவ மாத்தி எழுதணுமாம். ஜோனதன மேல கொண்டாந்துடுங்க."

"அவன் வரலையே நவநீதா."

"கதையிலயாவது வரட்டுமேக்கா."

அந்த ஒரு வார்த்தையில் அவள் உடைந்துபோனாள். போனை வைத்துவிட்டு நெடுநேரம் அழுதாள். பிறகு, விளக்கைப் போட்டு, வெள்ளைத்தாளை இழுத்து வைத்துக்கொண்டு எழுதினாள்.

ஜோனதனின் கை தொட்டியின் விளிம்பைப் பிடிக்கிறது.

குளியலறையில், பாதி நிறைந்த சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. தொடர்ந்து, ஈரச் சிமெண்டின்மேல் யாரோ உள்ளங்கையை ஊன்றியதுபோல் ஒரு சத்தம். பேனாவை நிறுத்தினாள். சத்தமும் நின்றது. நாற்றம் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. எழுந்து ஓடிவிடலாம். தெருவில் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் பாதியில் தொங்குகிற கையை எப்படி விட்டுவிட்டுப் போவது?

மறு கையும் பிடிக்கிறது.

ஊன்றும் சத்தம்.

ஜோனதன் மேலே வருகிறான்.

தண்ணீர் சொட்டியது. குளியலறை வாசலில். கூடத்தில். நாற்காலி இழுபட்டது.

எதிரே உட்கார்ந்திருந்தான். அதே காக்கி பேண்ட். நகக்கண்களில் சுண்ணாம்பு. தம்பிதான்.

"ஜானி," என்றாள்.

உதடுகள் 'அக்கா' என்று அசைந்தன. குரல் இல்லை. மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை.

பதறிப்போய் எழுதினாள். ஜோனதன் மூச்சு விடுகிறான்.

வாய் திறந்தது. சாம்பல் நிறத் தண்ணீர் வழிந்தது. மார்பு அசையவில்லை.

எழுதிய வரியை அடித்துவிட்டு மாற்றினாள். நெஞ்சு நிறைய மூச்சு இழுக்கிறான்.

அசையவில்லை.

மறுபடி அடித்தாள். மறுபடி எழுதினாள். அவன் கண்கள் மட்டும் உயிரோடு அவளைக் கெஞ்சின.

பழைய கடைசிப் பக்கம் அருகிலேயே கிடந்தது. அதை எடுத்துச் சேர்த்துவிட்டால் போதும். அவன் திரும்பிப் போய்விடுவான். கை நீட்டினாள்.

குளிர்ந்த விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்தன. ஜோனதன் தலையாட்டினான். வேண்டாம்.

"சரிடா," என்றாள். "அக்கா எழுதுறேன். அழாத."

பேனாவை எடுத்தாள். எதிரே அந்த வாய், காற்றைத் தேடி, இன்னும் அகலமாகத் திறந்துகொண்டே போனது.