முக்காட்டுச் சிலையின் தண்ணீர்

பிரான்ஸிலுள்ள லூர்து மாதா கோயிலுக்கு யாத்திரை போய் வந்த எமில்டா, பிளேஸ்டோப் பகுதியிலுள்ள தன் வீட்டுக்கு நேரே போகவில்லை. லண்டனின் பழைய சதுக்கமொன்றில் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து நின்றாள். பெட்டிக்குள் மாதா உருவில் பிளாஸ்டிக் போத்தல்கள். அத்தனையும் வெறும் போத்தல்கள்.

கைப்பெட்டியில் தண்ணீர் கொண்டுவர விடமாட்டார்கள் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பங்கிலுள்ள பெண்களுக்கெல்லாம் யாத்திரைப் புத்தி சொல்கிற எமில்டாவுக்குத் தெரியவில்லை. விமான நிலையச் சோதனையில் லூர்துத் தீர்த்தம் முழுவதையும் கீழே ஊற்றச் சொல்லிவிட்டார்கள். வெறுங்கையோடு செபக்கூட்டத்துக்குப் போனால் அங்கே வருகிற பியற்றிஸின் வாய்க்கு ஒரு வருடத் தீனி. எமில்டாவுக்கு மானம் பெரிது. மாதா அதற்குப் பிறகுதான்.

சதுக்கத்தின் நடுவே நீரூற்று. பரோக் காலத்து இத்தாலியச் சிற்பி ஒருவன் செதுக்கியதாம். பெரிய சங்கின்மேல் ஒரு கல் மனிதன் குந்தியிருந்தான். உடம்பில் நரம்புகூடத் தெரிந்தது. முகத்தில் மட்டும் கல்லாலான முக்காடு. அதன் அடியிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"முகம் செதுக்கத் தெரியாதவனுக்கு ஒரு பேர்," என்று முணுமுணுத்தபடி போத்தல்களை நிரப்பினாள்.

நல்ல வெயில், இலைகூட அசையவில்லை. ஆனாலும் முக்காடு மெல்ல உள்வாங்கி வெளிவந்தது, மூச்சுவிடுவதுபோல.

காற்று, என்று சொல்லிக்கொண்டாள். கல்லை அசைக்கிற காற்று!

செபக்கூட்டத்தில் எல்லோரும் போத்தல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வீட்டுக்கென்று ஒன்றை வாங்கிக்கொண்டபோது பியற்றிஸ் அழுதேவிட்டாள். நெஞ்சு வருத்தக்காரரான எமில்டாவின் புருஷன் கஸ்பரும் காலையில் ஒரு மூடி குடிக்கத் தொடங்கினார். எமில்டா தடுக்கவில்லை. கஸ்பரிடம் சொன்னால் கோயில் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி.

சில நாட்களில் வீட்டில் பாசி பிடித்த கல்லின் நாற்றம். குழாய்களை இறுக்கி மூடியும் எங்கோ சொட்டுச் சத்தம். கஸ்பரின் இருமல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் கொப்புளித்தது. உதடு நீலம் பாரித்தது.

இப்படியே குடித்தால் மனுஷன் போய்விடுவார். எமில்டாவுக்கே அது விளங்கிவிட்டது.

ஒருநாள் மத்தியானம் அவள் சமையலை முடித்துக் குசினியிலிருந்து வந்தபோது, அவர் முன்னறைக் கதிரையில் ஈரத் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துவாயின் அடியிலிருந்து தண்ணீர் மடியில் சொட்டியது.

"இஞ்சாருங்கோ," என்றாள்.

இதுதான் நேரம். அவள் குனிந்து கிசுகிசுத்தாள். "ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ. அது லூர்துத் தண்ணியில்லை. இனிக் குடியாதேங்கோ."

"தெரியும்," என்றது துவாய்க்குள் இருந்த குரல்.

வாசற்கதவு திறந்தது.

கடையில் வாங்கிய பாண் பையோடு கஸ்பர் உள்ளே வந்தார்.

"ஆரோடை கதைக்கிறீர்?"

எமில்டா திரும்பினாள். கதிரை காலி. இருக்கையிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது தொலைபேசி அடித்தது. பியற்றிஸ்.

"எமில்டாக்கா," என்று கிசுகிசுத்தாள். "எங்கடை கதிரையிலை ஆரோ முகத்தை மூடிக்கொண்டு இருக்கினம். மாதாவாணை உண்மையைச் சொல்லுங்கோ. அது எங்கத்தைத் தண்ணி?"

எமில்டா புருஷனைப் பார்த்தாள். கஸ்பர் கொப்புளித்து இருமியபடி மாதா போத்தலைத் திறந்துகொண்டிருந்தார். காதில் பியற்றிஸின் மூச்சு. ஒரு சொல் சொன்னால் போதும். இரண்டு வீடும் தப்பும். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

"லூர்துத் தண்ணிதான் பியற்றிஸ்," என்றாள். "விசுவாசம் காணாது. வீடெல்லாம் இன்னும் கொஞ்சம் எடுத்துத் தெளியும்."

கஸ்பர் இரண்டு கைகளாலும் போத்தலைப் பிடித்து அண்ணாந்து குடித்தார்.

எமில்டாவின் தோளில் ஒரு கை விழுந்தது. குளிர்ந்த, ஈரமான, கல்லின் பாரமுள்ள கை.

கெட்டிக்காரப் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல, மெதுவாகத் தட்டியது.