ஐந்து வோல்ட்டில் தொடங்கிய கோடு

“என் தம்பி தப்பே பண்ணலை சார். நாளைக்கு விசாரணை. கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறான்,” என்று படபடத்துக்கொண்டே துப்பறிவாளர் முன்னால் வந்து உட்கார்ந்தார் அந்த அம்மாள். மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனியில் வடிவமைப்புப் பிரிவின் தலைவி. தம்பி அவருக்குக் கீழே இன்ஜினியர்.

பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாகக் குறைத்துத் தரும் சர்க்யூட் ஒன்றைத் தம்பி வரைந்திருந்தான். அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்த அறிக்கை எல்லாம் சரி என்றது. அதை நம்பிச் செய்த முதல் சர்க்யூட் பலகைக்குச் சுவிட்ச் போட்டதும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் வெடித்து, சோதனை பார்த்த பெண்ணின் ஒரு கண் போய்விட்டது. அறிக்கையில் தம்பியின் பெயர். வேலை போவதோடு நிற்காது, வழக்கும் வரும்.

“அறிக்கை தயாரான அன்னைக்கு அவர் எங்கே?” என்றார் துப்பறிவாளர், அலட்டிக்கொள்ளாமல்.

“பன்னெண்டு மணிக்கே பல் டாக்டர்கிட்ட போயிட்டான். அப்புறம்தான் ரெண்டு மணிக்குள்ள மேலே கொடுக்கணும்னு சொன்னாங்க. நான்தான் அவன் மேசையிலேருந்து எடுத்துக் கொடுத்தேன்.”

“அவர் கம்ப்யூட்டரை வேற யாராவது திறக்க முடியுமா?”

“பாஸ்வேர்டு என் பிறந்த நாள் சார். அக்கான்னா அவனுக்கு உசுரு.”

நாற்பது வருஷம் ரேடியோ ரிப்பேர் பார்த்துவிட்டு இப்போது துப்பறிவாளரோடு சுற்றும் ரேடியோக்காரர், அறிக்கையைப் பிடுங்காத குறையாக வாங்கி, வோல்ட் அளவைக் காட்டும் வரைபடத்தைப் பார்த்தார். “கோடு நேராத்தானே போகுது! எங்கே தப்பு?”

“சுவிட்ச் போட்ட நொடியில எவ்வளவு வோல்ட் இருக்கணும்?” என்றார் துப்பறிவாளர்.

“பூஜ்யம். அங்கேருந்துதானே ஏறணும்... அட, இது அஞ்சுலயே ஆரம்பிக்குதே!”

“ஏறும்போதுதான் எகிறும். நிஜத்துல ஒன்பது வரைக்கும் போயிருக்கும். அந்தக் கெப்பாசிட்டர் ஆறுக்கு மேல தாங்காது. ஆனா கம்ப்யூட்டர்ல ஓட்டும்போது ஒரு கட்டத்துல ஒரே ஒரு டிக் போட்டா, கெப்பாசிட்டர் ஏற்கனவே நிறைஞ்சிருக்குன்னு வெச்சுக்கிட்டு, ஆரம்பத்தை விட்டுட்டு ஓடும். மூணு மணி நேர வேலை ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும்.” துப்பறிவாளர், அந்த அம்மாள் கொண்டுவந்த தம்பியின் நோட்டைத் திறந்தார். “தம்பி எழுதியிருக்கார்: ‘11.50க்கு ஓட விட்டேன், மூணு மணி நேரம் ஆகும்.’ அறிக்கையோட அடியில பாருங்க. தொடக்கம் 1.50, முடிவு 1.52. அப்ப அவர் பல் டாக்டர் நாற்காலியில இருந்தார். பாஸ்வேர்டு தெரிஞ்சவங்க, ரெண்டு மணிக்கு அவசரம் இருந்தவங்க, ஒருத்தர்தான்.”

ரேடியோக்காரர் அந்த அம்மாளைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் நோட்டை இழுத்து மூடினார்.

“அப்புறம் முழுசா ஓட்டிக்கலாம்னு நினைச்சேன். மறந்தே போச்சு. வேற ஏதாவது காரணம்னு நீங்க சொல்ல மாட்டீங்களான்னுதான் வந்தேன்.”

“உங்க தம்பி வெடிச்ச அன்னைக்கே அந்த டிக்கைப் பார்த்திருப்பார். உங்களைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமத்தான் வாயைத் திறக்கலை. நாளைக்கு நீங்களே சொல்லிடுங்கம்மா.”

தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் விசாரணை அறையின் கடைசி வரிசையில், அறிக்கையின் நகலும் நோட்டின் நகலுமாக ரேடியோக்காரர் உட்கார்ந்திருந்தார். சொல்லிவிடுவாள், கூடப் பிறந்தவன் ஆயிற்றே என்று நம்பினார்.

அக்கா எழுந்து தம்பியைப் பார்த்தாள். “இது நீ கொடுத்த ரிப்போர்ட்தானே?”

“ஆமாக்கா.”

அடிப்பாவி! ரேடியோக்காரர் எழுந்துவிட்டார். தம்பி திரும்பிப் பார்த்து, வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டான். எதிர் வரிசையில் கண்ணில் கட்டோடு அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவர் நேரே போய் நகல்களை அவள் மடியில் வைத்தார்.