இரண்டாவது குப்பி

யார் திருப்பி வைத்தது என்றுதான் அவளுக்கு முதலில் எரிச்சல் வந்தது. தானமாக வந்த கண்ணைக் கருவிழி மேலே பார்க்க ஈரப்பஞ்சின்மேல் உட்கார வைக்க வேண்டும். கண் வங்கியில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் அது தெரியும். இரண்டு குப்பிகளையும் அப்படித்தான் வைத்துவிட்டுக் கை கழுவப் போயிருந்தாள். வந்து பார்த்தால் இரண்டு கண்களும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மேசை ஆடியிருக்கும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஜன்னல் இல்லாத அந்த அறையில் ஸ்பிரிட் வாடையும், காற்றை வடிகட்டும் விசிறியின் இடைவிடாத முனகலும், செல் வளர்க்கும் பெட்டியின் வெதுவெதுப்பும் தவிர வேறு எதுவும் இல்லை.

இன்று எதுவும் தப்பாகக் கூடாது. பேட்டரி கடையில் ஆசிட் தெறித்துத் தம்பியின் இரண்டு கண்களும் வெளுத்துப் பதினோரு மாதம் ஆகிறது. கண்ணில் கறுப்பும் வெள்ளையும் சேரும் மெல்லிய விளிம்பில்தான் புதிதாக வளரக்கூடிய ஸ்டெம் செல்கள் இருக்கும். தானமாக வந்த கண்ணிலிருந்து அதை அரிந்தெடுத்துத் தட்டில் வளர்த்தால், இரண்டே வாரத்தில் அவன் கண்ணில் ஒட்டுவதற்கு ஒரு படலம் தயார். இந்தக் கண்கள் அவன் முறைக்கு வந்தவை. சொந்தக்காரருக்கான வேலையைத் தொடக்கூடாது என்பது அங்கே விதி. டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கியிருந்தாள்.

முதல் கண்ணை நுண்ணோக்கியின் கீழ் வைத்து விளக்கைப் போட்டாள். கண்மணி சுருங்கியது.

அணைத்தாள். மெல்ல விரிந்தது. மறுபடி போட்டாள். சுருங்கியது. நேற்று இறந்தவரின் கண் அது.

முழங்கையால் ஃபோனைத் தட்டி டாக்டரைக் கூப்பிட்டாள்.

"டாக்டர், செத்தவங்க கண்ணுல கண்மணி சுருங்குமா?"

"நீ மொதல்ல சாப்பிட்டியா?" என்று சிரித்தார் டாக்டர். பிறகு குரல் மாறியது. "சந்தேகம்னா தொடாத. ஃபாரத்துல எழுதிட்டு ஒதுக்கி வை. அடுத்தது வர்றப்ப பாத்துக்கலாம்."

அடுத்தது எப்போது வரும்? தம்பி இப்போதெல்லாம் சுவரைத் தடவிக்கூட நடப்பதில்லை. கட்டிலே கதி என்று கிடக்கிறான்.

"சும்மாதான் கேட்டேன் டாக்டர்," என்று வைத்துவிட்டாள்.

கத்தியை எடுத்தாள். விளிம்பில் வைத்தாள். கவ்வியின் பிடிக்குள் இருந்த கண் நடுங்கியது. தன் கைதான் நடுங்குகிறது என்று நினைத்தாள். சுற்றி அரிந்தாள். ஈரம் ஊறியது. துடைத்தாள். மறுபடி ஊறியது. கண்ணீர்ச் சுரப்பி உடலோடு போய்விடும், தனிக் கண் அழாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் நிறுத்தவில்லை. பன்னிரண்டு துணுக்குகள். தட்டில் வைத்து மூடினாள்.

வலது கையில் கத்தியோடு, இடது கையால் இரண்டாவது குப்பியைப் பக்கத்தில் இழுத்தாள். அந்தக் கண் இப்போது கதவைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தது.

ஃபோன் அடித்தது. தம்பி.

"அக்கா." மூச்சிரைத்தது அவனுக்கு. "எனக்குக் கண்ணு தெரியுதுக்கா."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் எல்லாவற்றையும் மறந்து சிரித்துவிட்டாள்.

"எப்படிடா? என்ன தெரியுது?"

"கொஞ்ச நேரம் முன்னாடி ஒரு கதவு தெரிஞ்சுது. கனவுன்னு நெனச்சேன். அப்புறம் ஒரே வெளிச்சம். ஒரு கண்ணு மட்டும் சுத்திச் சுத்தி எரிஞ்சுது, உயிரே போச்சு. கத்துனேன்கா, யாரும் வரல. இப்ப அது இருட்டு." அழுதான். "இன்னொன்னுதான் இருக்கு. கண்ணாடிக்குள்ளருந்து பாக்குற மாதிரி இருக்கு. யாரோ முகமூடி போட்டுக்கிட்டுக் குனிஞ்சு பாக்குறாங்க."

அவள் இடது கையால் தன் முகமூடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா... நீயா அது?"

குப்பிக்குள் கண் அவள் முகத்தை விட்டு மெல்ல உருண்டது. கீழே. அவள் வலது கைக்கு.

"கையில என்னக்கா?"