கழித்தால் பூஜ்யம்

"வீ...ல்!"

டவுன் ஹாலே அதிர்ந்தது.

அலறியது வெர்னா. அமெரிக்காவின் கெட்டில் லேக் கிராமத்து ஓட்டுப் பெட்டிக்குக் காவல். இருபத்திரண்டு வருடத் தேர்தல்களில் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தாதவள்!

இரண்டாம் நம்பர் தடுப்பின் திரைக்குக் கீழே... இரண்டு கால்கள். மல்லாந்து. அசையாமல்.

ஐம்பது அடி தள்ளி நின்ற ஜீப்பில் டெபுடி ஷெரிஃப் நடீனின் போன் துடித்தது. கூப்பிடாமல் போலீஸ் ஓட்டுச்சாவடிக்குள் காலை வைக்கக் கூடாது.

"ஓடி வாடி நடீன்! ஹார்லன் செத்துக் கெடக்கான்!"

"முறைப்படி கூப்பிடறீங்களா வெர்னாம்மா, இல்ல சும்மா சொல்றீங்களா?"

"கூப்பிடறேன்டி, கூப்பிடறேன்!"

வான்கோழித் தொழிற்சாலையில் தோலுரிக்கும் குடும்பம். அதில் முதல் பட்டதாரி நடீன். நாக்கில் கத்தி.

திரையை விலக்கினாள். கழுத்தில் விரல் வைத்தாள்.

"சாகலை. மூச்சு வருது. மண்டைலதான் வீக்கம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க."

ஒன்றாம் நம்பர் தடுப்பில் யாரோ அடக்கிய மூச்சை விடும் சத்தம்.

சரக்! திரையை இழுத்தாள்.

ஆர்விட்! காதுவரை இறக்கிவிட்ட மீன்பிடித் தொப்பி. பேயறைந்த முகம்.

"நீங்க இங்க என்ன பண்றீங்க, பெரியவரே?"

"கே... கேக் வாங்க வந்தேன்."

"கேக் விக்கறது அந்த மேசைல. இது ஓட்டுப் போடற எடம்."

ஹாலில் குசுகுசுப்பு. ஹார்லன் ரிபப்ளிகன். ஆர்விட் டெமாக்ரட். முப்பது வருடச் சிநேகிதர்கள். அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு. 'நான் போடறதை நீ அழிக்கப் போறே. எதுக்குப் பெட்ரோல் செலவு?' ஆகவே தேர்தல் நாளில் இரண்டு பேரும் ஒரே படகில் ஏரியில் இருப்பார்கள்.

ஊரில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு ஒப்பந்தம். புருஷன் பெண்டாட்டி, அண்ணன் தம்பி. போன தடவை நூற்று இருபத்திரண்டு பேரில் நாற்பது பேர்தான் வந்தார்கள். பொறுப்பில்லாத ஊர் என்று மாவட்டத்தில் பேச்சு. பொறுப்பு இருக்கிறது... கணக்குதான் கொஞ்சம் அதிகம்!

அதற்குள் யாரோ வத்தி வைத்துவிட்டார்கள். நடீனின் போன் கத்தியது. ஷெரிஃப்.

"ஆர்விட் கைல விலங்கை மாட்டு. ஓட்டுச்சாவடிக்குள்ள தாக்குதல்! கெழவன் வருஷக்கணக்குல உள்ள போவான். இருபது நிமிஷத்துல வர்றேன்."

"விசாரிக்க வேணாமா சார்?"

"படிச்ச திமிரைக் காட்டாதே. மாட்டு!"

போனை வைத்தாள். விலங்கை எடுக்கவில்லை.

"இவங்க ரெண்டு பேரும் வந்தது உங்களுக்குத் தெரியாதா?" வாக்காளர் பட்டியலை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து வைத்திருந்த இரண்டு மேசைகளைப் பார்த்துக் கேட்டாள்.

"ஹார்லன் என் பாதி," என்றாள் பெர்னிஸ்.

"ஆர்விட் என் பாதி," என்றாள் க்ளெண்டா.

ஒருத்தி அந்தக் கட்சி, ஒருத்தி இந்தக் கட்சி. சட்டம் அப்படி. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காதது மட்டும் அவர்களே போட்டுக்கொண்ட சட்டம்.

"பெரியவரே, எதால அடிச்சீங்க?"

"நான் அடிக்கலைம்மா!" ஆர்விட் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டார்.

நடீன் சுற்றிலும் பார்த்தாள். கட்டை இல்லை. கல் இல்லை. ஒரு பேனா. நூலில் கட்டியது.

இரண்டு தடுப்புக்கும் நடுவே ஒரு பலகை. அது தரைவரை வரவில்லை!

"தொப்பியக் கழட்டுங்க."

"குளிருதும்மா..."

"கழட்டுங்க!"

கழட்டினார்.

நெற்றியில் கோழிமுட்டை அளவுக்கு வீக்கம்! ஹார்லனுக்கு இருந்த அதே அளவு.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல குனிஞ்சீங்க..."

ஆர்விட் உடைந்தார். "பக்கத்துல மூக்கை உறிஞ்சற சத்தம். முப்பது வருஷமா படகுல கேக்கற சத்தம்மா! அவன்தானான்னு பூட்ஸைப் பாக்கக் குனிஞ்சேன். அந்தப் பாவியும் குனிஞ்சிருக்கான். ணங்! செத்துட்டான்னு நெனச்சு அப்படியே உக்காந்துட்டேன்."

தரையில் ஒரு முனகல்.

"ஏமாத்துக்காரா..." ஹார்லன் கண்ணைத் திறந்தார். "ஏரிக்குப் போ, தூண்டில் புழு வாங்கிட்டு வர்றேன்னியேடா!"

"நீ மட்டும்? படகைத் தொடச்சு வைக்கறேன்னியே!"

"எங்க கட்சிக்காரனைத் தோக்கடிக்க வந்தேன்டா! நிக்கறது என் மருமகன். அவனைப் பத்தி எனக்குத்தானே தெரியும்? உங்க ஆளுக்குக் குத்தினேன்."

ஆர்விட் வாயைப் பிளந்தார்.

"எங்க ஆளு என் மச்சான்டா. மரம் அறுக்கற மெஷினை வாங்கிட்டுப் போய் ஒம்பது வருஷமா தரலை. நான் உங்க ஆளுக்குக் குத்தினேன்!"

பெர்னிஸ் விரல் விட்டு எண்ணினாள்.

"கூட்டிக் கழிச்சா?" என்றாள் பெர்னிஸ்.

"பூஜ்யம்," என்றாள் க்ளெண்டா. அவர்கள் பேசிக்கொண்டதே அன்றுதான்!

நடீன் ஷெரிஃபைக் கூப்பிட்டாள். "சார், ஹார்லன் முழிச்சிட்டாரு. ரெண்டு மண்டை மோதிக்கிச்சு. விலங்கு மாட்டறதுன்னா ரெண்டு மண்டைக்கும் மாட்டணும்."

பட்டென்று லைன் அறுந்தது. ஆர்விட் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹார்லனுக்குக் கைகொடுத்துத் தூக்கினார்.

"ச்சீ, சிநேகிதனை ஏமாத்தறதா?" வெர்னா முகம் சுளித்தாள். "எங்க வீட்லயும் இதே ஒப்பந்தம்தான். என் புருஷன் கர்டிஸ் வார்த்தை மாறாதவன். இருபத்திரண்டு வருஷமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலை."

"நீங்க?"

வெர்னா குரலைத் தாழ்த்தினாள். "நாள் பூரா இங்கயே உக்காந்திருக்கேன்டி... சீட்டு பக்கத்துலயே இருக்கு... கை சும்மா இருக்குமா?"

"அடிப்பாவி! இருபத்திரண்டு வருஷமுமா?"

"கத்தாதே! பன்னெண்டு மணிக்குச் சூப்பு சுட வைக்க வீட்டுக்குப் போவேன். அவன்கிட்ட இன்னிவரைக்கும் இதப் பத்தி மூச்சு விட்டதில்லை. அந்த நேரம் பாத்து அவன் மாட்டுக்கொட்டாயில இருப்பான், பாவம். இன்னிக்குத்தான் இந்தக் களேபரத்துல போக முடியலை."

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டி ஐந்து நிமிடம்.

கதவு மெதுவாகத் திறந்தது.

கறுப்புக் கண்ணாடி. தூக்கிவிட்ட காலர். பூனை நடை.

கர்டிஸ்!

நேராகப் பட்டியல் மேசையில் குனிந்தான்.

"வழக்கம்போலத்தான், க்ளெண்டா. வெர்னா சூப்பு சுட வைக்கப் போயிட்டாளா?"

வெர்னா கனத்த மர ஓட்டுப்பெட்டியிலிருந்து மெல்லக் கையை எடுத்தாள். கேக் கத்தியைத் தேடினாள்.

நடீன் போனைக் காதில் வைத்தாள்.

"ஆம்புலன்ஸா? திரும்பிப் போயிடாதீங்க... இன்னொரு பாடி ரெடியாகுது!"