இருபத்திரண்டு அடி

சவப்பெட்டி கனத்தது. அது அவ்வளவு கனக்காது என்பது அந்தத் தெருவிலேயே கார்ப்பரல் வில்ஃப் டாஸ்கர் ஒருவனுக்குத்தான் தெரியும், ஏனென்றால் அதை நிரப்பியவனே அவன்தான். நேற்று விமானத் தளத்தில் நாலு பேர் பேசிக்கொண்டே தூக்கி லாரியில் ஏற்றிய பெட்டி அது. இன்று காலை இந்த வேல்ஸ் சுரங்க ஊரில், நிலக்கரி வெட்டியே தோள் முறுக்கேறிய ஆறு பேர் அதை வாசற்படியில் இரண்டு தடவை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். "விமானப்படையில சாப்பாடு பலமா போட்டிருக்காங்க போல, நம்ம இத்வாலுக்கு," என்றார் ஈமக் காரியம் பார்க்கும் பெய்னன். யாரும் சிரிக்கவில்லை. டாஸ்கர் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஓரமாக நின்றான்.

இத்வால் புரோசருக்கு இருபத்து மூன்று வயது. பதினோரு நாளைக்கு முன்னால் அவனுடைய ஜெட் விமானம் மேகத்துக்குள்ளிருந்து தலைகுப்புற வந்து, கிழக்கே ஒரு கரிசல் சதுப்பு வயலில் நேராகச் செருகிக்கொண்டது. அந்த மாதம் அந்தத் தளத்துக்கு அது நான்காவது. உலகப் போர் முடிந்து ஏழு வருஷமாகியும் பையன்கள் விழுந்துகொண்டேயிருந்தார்கள், மேலிடம் அதற்குத் துரதிர்ஷ்டம் என்று பெயர் வைத்து அடுத்தவனை ஏற்றி அனுப்பிக்கொண்டேயிருந்தது. தோண்டினார்கள். குழியில் தண்ணீர் ஊறியது. இரண்டாம் நாள் அந்தி வரை கிடைத்ததெல்லாம் ஒரு ஷூ பெட்டிக்குள் அடங்கும் தகரத் துண்டுகள்தான். குழியை மூடிவிட்டு, மருத்துவ அட்டையில் இருந்த அவன் எடை வருகிறவரை சவப்பெட்டியை மணலால் நிரப்பச் சொன்னார்கள். விமானக் கொட்டகை வாசலில் தொங்கும் சிவப்புத் தீயணைப்பு வாளிகளை டாஸ்கர் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தான். நன்றாகக் காய்ந்த மணல்தான் அது.

பெட்டியை முன்னறையில் இரண்டு முக்காலிகள்மேல் வைத்தார்கள். தெரு முழுவதும் துக்கத்துக்காக ஜன்னல் திரைகளை இறக்கியிருந்ததால் பகல் பதினொரு மணிக்கே அறை மங்கிக் கிடந்தது. கணப்பில் கரி எரிந்தது. மெழுகு பூசிய மேஜை, பன்றித் தொடைக்கறி வேகும் வாசனை, மாடத்தில் சீருடையில் பல் தெரியச் சிரிக்கும் இத்வாலின் படம். மண் மூடும்வரை பெட்டியை விட்டு நகரக் கூடாது, எக்காரணம் கொண்டும் மூடியைத் திறக்க விடக் கூடாது என்பது டாஸ்கருக்கு உத்தரவு. இத்வாலின் அம்மா ஓல்வென் ஒரே ஒரு தடவை, முகத்தை மட்டும் பார்க்கலாமா என்று கேட்டாள். முடியாதும்மா என்றான். அவள் தலையாட்டிவிட்டு அடுக்களைக்குப் போனாள். அப்படி எளிதாகப் போனது அவனுக்கு அழுகையைவிட மோசமாக இருந்தது.

அந்த ஊர் வழக்கப்படி பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. இரண்டு மணிக்கு ஆண்கள் தெருவில் கூடிப் பாடுவார்கள், பாட்டு முடிந்ததும் தூக்கிக்கொண்டு போவார்கள், பெற்றவள் வீட்டிலேயே இருந்து வருகிறவர்களுக்கு டீ போடுவாள். ஆக, மகனோடு அவளுக்கு மிஞ்சியது மூன்று மணி நேரமும் இந்த அறையும்தான். அந்த மூன்று மணி நேரத்தையும் அவள் வாளி மணலுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது டாஸ்கருக்கு மட்டுமே தெரியும்.

முதலில் வாசனைதான் வந்தது. கரிப் புகைக்கும் கறி வாசனைக்கும் அடியில், மெல்லியதாக, ஜெட் விமானத்துக்கு ஊற்றும் மண்ணெண்ணெய். தன் சட்டையில் ஒட்டியிருக்கும் என்று முகர்ந்து பார்த்தான், இல்லை. பிறகு அதோடு இன்னொன்றும் கலந்தது, வெகுநாள் வெளிச்சம் படாத சேற்றின் குளிர்ந்த, புளித்த வாசனை. அந்த வாசனையை அவன் சதுப்பு வயலில் தோண்டிய குழியின் அடியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சுவாசித்திருக்கிறான்.  நாற்காலியைப் பெட்டியிலிருந்து சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. டக். சூட்டுக்கு மரம் விரிகிறது என்று நினைத்தான். கொஞ்சம் கழித்து, டக், டக், டக். ஒரு இடைவெளி. மறுபடி மூன்று. மரத்துக்கு எண்ணத் தெரியாது. டாஸ்கர் எழுந்து கடிகாரத்தைப் பார்த்தான். அது துக்க வீட்டு வழக்கப்படி நிறுத்தப்பட்டிருந்தது. திரும்பியபோது வாசலில் ஓல்வென் டீத் தட்டோடு நின்றாள். கோப்பையில் ஒரு சொட்டும் தளும்பவில்லை.

"கேக்குதா?" என்றாள்.

"மரம்தாம்மா. சூட்டுக்கு..."

"இந்தச் சத்தத்தை நான் நல்லா அறிவேன் தம்பி."

தட்டை வைத்துவிட்டு அவன் எதிரே உட்கார்ந்து சொன்னாள். குரல் உயரவே இல்லை. இத்வால் தவழ்கிற வயதில் சுரங்கத்துக்குள் தீப் பிடித்தது. அவள் புருஷனோடு ஒன்பது பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். காற்றுக் குழாயில் காதை வைத்தால் அவர்கள் தட்டுவது கேட்கும், மூன்று மூன்றாக. உயிரோடு இருக்கிறோம் என்று அர்த்தம். ஊரே தோண்டத் தயாராக நின்றது. தீ பரவும் என்று சொல்லி முதலாளிகள் மூன்றாம் நாள் சுவர் எழுப்பி அடைத்துவிட்டார்கள். சுவர் காய்ந்த பிறகும் ஒரு நாள் முழுக்கத் தட்டினார்கள்.

"குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு நின்னு கேட்டேன். எம் பிள்ளை குழிக்குள்ள போகக் கூடாதுன்னுதான் படிக்க வச்சேன். ஆகாயத்துக்கு அனுப்பினேன்."

டக், டக், டக்.

அவள் எழுந்து போய்ப் புருஷனின் கருவிப் பெட்டியிலிருந்து திருப்புளியோடு வந்தாள். டாஸ்கர் குறுக்கே நின்றான். உத்தரவு நினைவுக்கு வரவில்லை. அதைத் திறந்து அவள் மணலைப் பார்க்கும் அந்த ஒரு கணத்தை அவனால் தாங்க முடியாது, அவ்வளவுதான். அதனால் அவனே சொல்லிவிட்டான். உள்ளே ஒன்றுமில்லை, மணல், நான்தான் கொட்டினேன். உங்கள் பிள்ளை இன்னும் அந்த வயலிலேயே இருக்கிறான். எங்களால் எடுக்க முடியவில்லை.

அவள் அடிக்கவில்லை, அழவில்லை.

"எத்தனை அடி?"

"இருபத்திரண்டு."

"அவ்வளவுதானா?"

டாஸ்கர் மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டான்.

"இந்த ஊர்ல ஆயிரம் அடிக்குக் கீழ செத்த குதிரையைக்கூடத் தோண்டி எடுப்பாங்க தம்பி. என் பிள்ளைக்கு இருபத்திரண்டு அடி தோண்ட உங்களால முடியலையா?"

அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது. அழுதுகொண்டே மிச்சத்தையும் சொன்னான். கடைசியாகக் குழியில் இறங்கியவன் அவன். அடியில் தகரத்தில் ஏதோ தட்டுவது கேட்டது. மூன்று மூன்றாகத்தான் கேட்டது. உலோகம் குளிர்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தண்ணீர் இடுப்பைத் தாண்டிக்கொண்டிருந்தது, பயமாக இருந்தது. மேலே இருந்த அதிகாரி ஏதாவது இருக்கிறதா என்று கத்தினார். ஒன்றுமில்லை சார் என்றான். கயிற்றை இழுத்தார்கள்.

 ஓல்வென் திருப்புளியை அவன் கையில் கொடுத்தாள்.

எட்டுத் திருகாணிகளையும் அவனே கழற்றினான். மூடியைத் தூக்கினார்கள். மணல் நனைந்திருந்தது. கறுத்திருந்தது. தளத்துப் பையன்கள் வாளியில் அணைத்துப் போட்ட சிகரெட் துண்டுகள் அங்கங்கே கிடந்தன. அவள் அவற்றைப் பூப்பறிக்கும் பதமாய் எடுத்து ஓரமாக வைத்தாள். "சிகரெட் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தான்," என்றாள். அவை அவனுடையவை இல்லை என்று சொல்ல டாஸ்கருக்கு வாய் வரவில்லை.

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தோண்டினாள். அவனும் எதிர்ப்பக்கம் மண்டியிட்டான். நகக்கண்ணில் மணல் ஏறியது. கீழே போகப் போகக் குளிர்ந்தது. தட்டும் சத்தம் வேகமானது. தெருவில் காலடிகள் கூடின. யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு ஐம்பது அறுபது ஆண் குரல்கள் ஒன்றாக எழுந்தன. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

தட்டுவது நின்றது.

"பிடிச்சிட்டேன்," என்றாள் ஓல்வென்.

முகம் மலர்ந்திருந்தது. டாஸ்கர் பார்த்தான். பெட்டியின் ஆழம் ஒரு முழம். அவள் கை தோள்வரை உள்ளே இருந்தது.

"அம்மா, எடுங்க. கையை வெளிய எடுங்க."

அவள் கன்னத்தை மணலில் சாய்த்துக்கொண்டாள். இப்போது அவள் பேசியது டாஸ்கரோடு இல்லை. குழந்தையை எழுப்பும்போது பேசுகிற மாதிரி, மணலுக்குள் வாய் வைத்துப் பேசினாள். "இருட்டா இருக்கா ராசா? சரி, சரி. நீ மேல வா. உனக்குப் பதிலா அம்மா இருக்கேன் அங்க."

தோள் இறங்கியது. டாஸ்கர் அவளுடைய மற்றக் கையை இரண்டு கையாலும் பிடித்தான். கனம் அவனையும் இழுத்தது. முக்காலி நகர்ந்தது. அவள் ஒரு தடவை தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். கண்ணில் மணல் இருந்தது. அதில் கோபமே இல்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"இந்தத் தடவை விட்டுடாத தம்பி."

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்தான். துணி உரசியது. செருப்பு ஒன்று தரையில் விழுந்தது. மணல் சரிந்தது. பிறகு பாரம் சட்டென்று குறைந்தது. அவள் கை மட்டும் அவன் கைக்குள் இருந்தது. அது குளிர்ந்தது. கனத்தது. பெரிதானது.

கண்ணைத் திறந்தான்.

அறையில் ஓல்வென் இல்லை. கறுத்த மணலிலிருந்து மணிக்கட்டுவரை நீண்டு, விமானிகள் போடும் தோல் கையுறை ஊறிப்போய் ஒட்டிய ஒரு கை அவன் கையைப் பிடித்திருந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக இறுகின. வெளியே பாட்டு முடிந்தது. பெய்னன் கதவருகே வந்து, தூக்கலாமா அம்மா என்று கேட்டார்.

டாஸ்கர் விடவில்லை. முழங்கை வந்தது. தோள் வந்தது. தலை வர வேண்டிய இடத்தில் மணல் மெல்ல உப்பியது.